அடியில்லாத கட்டம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்துவிட்டு என்னிடம் வந்து பெருமை பேச வேண்டாம். இது எரிச்சலில் இருந்து வந்தது. ஒரு கணினித் திரையின் மேல் ஓரத்தில், பச்சைப் பட்டைக்குள், இரண்டே இரண்டு சொல்: "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது." அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

நான் பொய் சொல்லிப் பிழைப்பவள், கண்ணுகளா. பேசும் குதிரை, அழும் கதவு, செத்தும் சண்டை போடும் மாமியார் என்று எத்தனையோ சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரிந்துதான் நீங்கள் கேட்டீர்கள், உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்துதான் நானும் சொன்னேன். அது நமக்குள் உள்ள ஏற்பாடு. அந்தப் பச்சைப் பட்டை அப்படி எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவில்லை. முகத்தை நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டு, இல்லாததை இருக்கிறது என்றது. இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருப்பவள் சொல்கிறேன்: அது தொழில் தர்மம் இல்லை.

2

முதல் தொடக்கம்:

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், முதியோர் இல்லத்தின் சேர்க்கை மேசை முன்னால் ஒரு தம்பியும் அவருடைய அக்காவும்—

[மழை இல்லை. நல்ல வெயில். கோபம் வந்தால் மழையைத் துணைக்குக் கூப்பிடுவது என் வழக்கம். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

அவள் எல்லோரையும் போல ஒரு சாதாரணப் பெண்தான். ஆனால்—

[இந்த 'ஆனால்' வந்ததும் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். நானே விட்டேன்.]

மூன்றாவது தொடக்கம்:

என் தங்கை மகள் கணினி வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் காதோரம் வந்து "ஏன்? ஏன்?" என்று ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு வீட்டில் கொசு என்று பெயர். அந்தக் கொசு ஒரு நாள் பட்டப்பகலில், அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, ஒரு கட்டம் போட்டேன். அதால ஒருத்தங்க வேலை போகப் போகுது" என்றாள்.

இது நிற்கட்டும்.

3

கட்டம் என்றால் என்ன? எனக்கும் தெரியாது. கொசுதான் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே வைக்கிறேன். நான் மெருகேற்றினால் தப்பாகிவிடும்.

"ஃப்ரேம்வொர்க்னு ஒண்ணு இருக்கு பெரியம்மா. பாதி கட்டி முடிச்ச வீடு மாதிரி. சுவர், கூரை, குழாய் எல்லாம் இருக்கும். நாம உள்ள போய் நமக்கு வேணும்கிற மாதிரி அறைய பிரிச்சுக்கணும். அதுல அட்மின் பேஜ்னு ஒண்ணு ஓசியிலயே வரும். ஆபீஸ் ஆளுங்க உக்காந்து பேரு, வயசு, மருந்துன்னு நிரப்புற பக்கம்."

"சரி."

"பின்னாடி ஒரு அலமாரி இருக்கு. பேருக்கு ஒரு தட்டு, வயசுக்கு ஒரு தட்டு. அலமாரியில எத்தனை தட்டோ, முன்னாடி அத்தனை கட்டம் அதுவே வரைஞ்சு குடுத்துடும்."

"சமத்து."

"சமத்துதான். ஆனா நாம முன்னாடி மட்டும் கூடுதலா ஒரு கட்டம் வரையலாம். அலமாரியில தட்டு இல்லாமலே. அது ரெண்டு வரி வேலை. அப்புறம் அதுல எழுதுறத எங்க கொண்டுபோய் வைக்கணும்னு தனியா சொல்லித்தரணும்."

"சொல்லித்தரலேன்னா? திட்டுமா?"

"திட்டாது. அதான் பெரியம்மா. எழுத விடும். பட்டனை அமுக்க விடும். மத்த கட்டத்தையெல்லாம் ஒழுங்கா வச்சுட்டு, இத மட்டும் கீழ விட்டுடும். விட்டுட்டுப் பச்சையா சிரிக்கும்."

நான் கேட்டேன்: "இப்படி அடியில்லாத டப்பாவ எந்த மடையன் செய்வான்?"

"நான்தான் செஞ்சேன்" என்றாள் கொசு.*

* இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, "எப்ப அழுதேன்? மூக்கடைப்பு" என்றாள். ஆகவே மூக்கடைப்பு.

4

நடந்தது இதுதான். ஒரு முதியோர் இல்லம். அங்கே புதிதாக ஆளைச் சேர்க்கும்போது நிரப்பும் அட்மின் பக்கத்தைக் கொசுவின் அலுவலகம் செய்து கொடுத்திருந்தது. அதில் பெயர், வயது, இரத்த வகை, நோய், மருந்து எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மனிதருக்குத்தான் கட்டம் இல்லை. அப்பாவை விட்டுவிட்டுப் போக வந்த மகன் மேசைமேல் கை ஊன்றிக்கொண்டு ஏதோ ஒன்று சொல்வானே, அதை எங்கே எழுதுவது? சேர்க்கை மேசையில் இருந்த அம்மாள், கொசுவுக்கு மேசை அக்கா, அதையெல்லாம் மஞ்சள் சீட்டில் எழுதித் திரையைச் சுற்றி ஒட்டிவைத்துப் பார்த்தார். மின்விசிறி போட்டால் எல்லாம் பறந்தது. "எனக்கு ஒரே ஒரு கட்டம் போட்டுக் குடுங்க, பெருசா" என்று கேட்டார்.

கொசுவின் மேலாளருக்கு அலுவலகத்தில் 'அப்புறம் சார்' என்று பெயர். ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

"கட்டம் போட்டுட்டேன் சார். அலமாரியில, டேட்டாபேஸ்ல, இன்னும் இடம் போடல. அதுக்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

"நாளைக்கு அவங்களுக்குக் காட்டணும்மா. கட்டம் கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது. சேமிக்காது."

"தெரிஞ்சா போதும். சேமிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

காட்டினார்கள். இல்லத்தில் கைதட்டினார்கள். காட்டியதையே நேரடிப் பயன்பாட்டுக்கும் ஏற்றிவிட்டார்கள். கொசுவை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவள் நிரலுக்குள், அதாவது ப்ரோக்ராமுக்குள், ஒரு குறிப்பு விட்டுப் போனாள்: 'இந்தக் கட்டம் சேமிக்காது. சரி செய்ய வேண்டும்.' நிரலை வாசிப்பவர்களுக்கு மட்டும் தெரியும் குறிப்பு. மேசை அக்கா நிரல் வாசிப்பவர் இல்லை.

அவர் எழுதினார். ஆள் ஆளாக, மாதக்கணக்கில், கேட்டுக் கேட்டு எழுதினார்.

5

மேசை அக்காவைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. பார்க்காத ஆளை எழுதினால் நல்லவளாக எழுதிவிடுவேன், நல்லவள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே போய்ப் பார்த்தேன். துணி தேய்த்துக்கொண்டிருந்தார். குரல் எதிர்வீடு வரை கேட்கிற குரல்.

"கதையா எழுதப் போறீங்க? என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்கம்மா."

"எழுதினதை ஒரு தடவை கூடத் திறந்து பாக்கலியா?" என்று கேட்டேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போஸ்ட் பெட்டியில லெட்டர் போட்டுட்டு உள்ள கைய விட்டுப் பாப்பீங்களா நீங்க? பச்சையா சொல்லுதே, வச்சுக்கிட்டேன்னு! அதோட என் வேலை முடிஞ்சுது. அப்புறம் அந்தப் பக்கத்தை வார்டு ஆளுங்கதான் பாக்கணும். காலியா இருக்குற கட்டத்த வார்டு ஸ்க்ரீன் காட்டவே காட்டாதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? யாரும் ஒண்ணும் சொல்லலன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க. எல்லாம் சொல்லியாச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

"என்னென்ன எழுதினீங்க, ஞாபகம் இருக்கா?"

"எல்லாமா இருக்கும்? சிலது இருக்கு." ஒரு சட்டையை மடித்தபடி, யாரிடமோ ஒப்புவிப்பதுபோலச் சொன்னார். "'அப்பாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி, குளிப்பாட்ட ஆம்பளை ஆள் அனுப்புங்க.' 'அம்மா சாப்பாடு வேண்டாம்னா ரெண்டாவது தடவை கேளுங்க, முதல் தடவை எப்பவுமே வேண்டாம்பாங்க.' அப்புறம் ஒருத்தர். அவரு பொண்டாட்டி போய்ச் சேந்தது அவருக்கு ஞாபகமில்ல. 'எங்கன்னு கேட்டா கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்க'ன்னு மக சொன்னா. எழுதினேன்."

"அவர் கேட்டாரா?"

"தினம் கேட்டிருக்காரு. வார்டுல பாவம், உண்மையச் சொல்லியிருக்காங்க. தினமும் அந்த மனுஷன் புதுசா அழுதிருக்காரு."

நான் எழுந்து கொஞ்ச நேரம் ஜன்னலோரம் போய் நின்றேன். இதை வாசிக்கும் நீங்களும் வேண்டுமானால் எழுந்து நின்றுவிட்டு வாருங்கள். தினமும் ஒரு சாவு! ஒரே சாவு, தினமும்! அதுவும் எதற்காக? கட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதற்காக.

6

இது வெளியே வந்தது ஒரு தம்பியால். பேட்டரிக் கடை வைத்திருந்து இப்போது ஓய்ந்துவிட்ட மனிதர். அவரை வளர்த்தது அக்காதான். பக்கவாதத்துக்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சில்லை. இல்லத்தில் கொண்டுபோய் விட்ட அன்று மேசை அக்காவிடம் சொன்னார்: "அக்காவுக்கு இடது காது கேக்காதுங்க. வலது பக்கமா வந்து, முகத்தைக் காட்டிட்டுத் தொடணும். பின்னாடியிருந்து தொட்டா கைய வீசிடுவா. அது கோவம் இல்லீங்க, பயம்."

மேசை அக்கா எழுதினார். பட்டை பச்சையாகச் சிரித்தது.

வார்டில் இருந்தவர்கள் இடது பக்கமாக வந்தார்கள். கட்டில் அப்படிப் போட்டிருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. அக்கா கையை வீசினார். மறுபடி வந்தார்கள், மறுபடி வீசினார். ஆளுக்கு ஒரு அடி வாங்கிய பிறகு, 'அடிக்கிற ஆள்' என்று அதற்கென்று இருக்கிற கட்டத்தில் எழுதினார்கள். அந்தக் கட்டம் பிரமாதமாகச் சேமித்தது. பிறகு துணியால் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

தம்பி பார்க்க வந்தபோது—

[இந்தப் பத்தியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவர் அலறுகிறார். ஒன்றில் மண்டியிடுகிறார். ஒன்றில் துணியைப் பல்லால் அவிழ்க்கிறார். மூன்றையும் கிழித்துவிட்டேன். ஒரு தம்பி தன் அக்காவின் கைகளைப் பார்த்ததை வைத்து நான் நகாசு வேலை செய்யக்கூடாது. பார்த்தார். அவ்வளவு.]

நிர்வாகியின் அறையில் அவர் கேட்டது ஒன்றுதான். "சொன்னேனே! என் கண்ணு முன்னாடி எழுதினாங்களே!"

நிர்வாகி பக்கத்தைத் திறந்தார். பெரிய கட்டம், வெள்ளை வெளேர் என்று காலியாக இருந்தது. அறையில் இருந்த எல்லோரும் மேசை அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதினேன்" என்றார் அவர்.

"எங்க?"

"எழுதினேன்ங்க. இவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசிச்சும் காமிச்சேன்."

"எங்கம்மா இருக்கு?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பியோ போகும்போது அவரைப் பார்த்து, "தலையத் தலைய ஆட்டினியேம்மா" என்று மட்டும் சொன்னாராம். வீட்டில் உட்காரவைத்ததைவிட அதுதான் மேசை அக்காவைத் தின்கிறது. "அந்த மனுஷன் நான் சும்மா நடிச்சேன்னு நினைக்கிறாரு" என்றார் என்னிடம். அப்போதுதான் குரல் முதல் தடவையாக எதிர்வீட்டுக்குக் கேட்காமல் வந்தது.

7

அப்புறம் சாருக்கு நான் ஒரு மீசை வைத்திருந்தேன். கொசு எடுக்கச் சொல்லிவிட்டாள். "அவருக்கு மீசையே கிடையாது. நல்ல மனுஷன் பெரியம்மா. அம்மா ஆபரேஷன் அப்ப நான் கேக்காமலே லீவு குடுத்தவர்."

எனக்கு ஆத்திரம். ஒரு கதைக்குப் பொல்லாதவன் தேவைப்படும் இடத்தில் நல்ல மனுஷனைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் நான் என்ன செய்வது? ஆனால் யோசித்துப் பார்த்தால், பொல்லாதவன் ஒருத்தன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பொல்லாதவனைக் கண்டால் நாம் கதவைத் தாழிடுகிறோம். 'அப்புறம்' என்கிற நல்ல மனுஷனுக்கு நாற்காலி போடுகிறோம்.

அந்த நல்ல மனுஷன் கொசுவை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேளுங்கள்:

"இல்லத்துல ஏதோ பிரச்சினையாம்மா. நாளைக்கு நம்மாளு ஒருத்தர் அங்க போய், அவங்க முன்னாடியே அந்தக் கட்டத்துல எழுதிக் காட்டணும். அதுக்குள்ள சேமிக்கிற மாதிரி பண்ணிடு. நீ உள்ள எழுதிவச்ச அந்தக் குறிப்பையும் எடுத்துடு."

"எடுத்துட்டா, கட்டம் முதல்லேருந்தே நல்லாதான் இருந்துச்சுன்னு ஆயிடும் சார்."

"ஆகட்டுமே."

"அப்ப அந்த மேசை அக்கா எழுதலன்னு ஆயிடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "டேட்டா என்ட்ரி தப்புன்னுதான் இல்லத்துக்குக் கடிதம் போகுது. சின்ன தப்புதானேம்மா. அவங்களுக்கு வேற வேலை கிடைக்கும். நம்ம கம்பெனிக்கு வேற பேர் கிடைக்காது."

அன்றைக்குத்தான் கொசு அரை நாள் விடுப்பு எழுதியது.

8

என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மத்தியானம். உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் முதலில் மூளையில்லாமல் சொன்னேன்: "சரி பண்ணச் சொன்னா பண்ணேண்டி. நல்லதுதானே?"

"பண்ணா அந்த அக்கா பொய்க்காரி. பண்ணலேன்னா இன்னைக்கு அங்க யாரோ ஒருத்தர் அவங்கம்மாவப் பத்திச் சொல்லிட்டு இருப்பாரு, அது கீழ விழுந்துட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் அடி பெரியம்மா."

"சரி பண்ணிட்டு, அவங்களுக்கு ஃபோன் போட்டு உண்மையச் சொல்லிடு."

"வாடிக்கையாளர்கிட்ட நேரா பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கையெழுத்தாவது கத்திரிக்காயாவது!"

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. வீட்டுக் கடனை யார் கட்டுறது, உங்க குதிரையா?"

துணி இயந்திரம் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், பழைய கொசுவைப் போல, தனக்குத் தானே ரீங்காரமிட்டாள்.

"நான்தான் பேசக் கூடாது. பக்கம் பேசலாம்ல?"

"என்ன பக்கம்?"

"ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ சின்ன எழுத்துல ஒரு குறிப்பு போடலாம் பெரியம்மா. ஹெல்ப் டெக்ஸ்ட்னு பேரு. தேதிய இப்படி எழுதுங்க, ஃபோன் நம்பர இப்படி எழுதுங்கன்னு. அது என் வேலைதான். கட்டத்தையும் சரி பண்றேன். கீழ குறிப்பும் போடறேன்."

தட்டினாள். எனக்கு வாசித்துக் காட்டினாள்: "'தொழில்நுட்பக் காரணங்களால் முந்தைய பதிவுகள் கிடைக்காமல் போயிருக்கலாம்.'"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கிடைக்காமல் போக அதென்ன ஆடா? வேலியைத் தாண்டிப் போயிடுச்சா? 'காரணங்களால்'! யாருடி அந்தக் காரணம்? அதுக்குச் சம்பளம் எவ்வளவு?"

"கத்தாதீங்க. நீங்களே சொல்லுங்க, எப்படிப் போடறது?"

கண்ணுகளா, நான் எவ்வளவோ எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒரு குறிப்புக்காக இவ்வளவு மல்லுக்கட்டியதில்லை. அவள் 'இருக்கலாம்' என்பாள், நான் 'இல்லை' என்பேன். அவள் யாருமே இல்லாமல் வாக்கியத்தை முடிப்பாள், நான் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அவள் 'தவறு' என்ற சொல்லைத் தட்டிவிட்டு அழிப்பாள், மறுபடி தட்டுவாள். கடைசியில் நின்றது இது:

'இன்றுவரை இந்தக் கட்டத்தில் எழுதிய எதையும் நாங்கள் சேமிக்கவில்லை. எழுதியவர் எழுதினார். தவறு எங்களுடையது. தயவுசெய்து எல்லோரிடமும் மறுபடி கேளுங்கள்.'

"கீழ என் பேரைப் போடட்டுமா?"

"போடாதே. 'நாங்கள்'னு இருக்குல்ல. அந்த நல்ல மனுஷனும் கூட நிக்கட்டும்."

கட்டத்துக்கு அலமாரியில் தட்டு வைத்தாள். எழுதிப் பார்த்தாள். மூடிவிட்டுத் திறந்து பார்த்தாள். இருந்தது. அப்புறம் இரண்டையும் சேர்த்து மேலேற்றினாள்.

9

இனி முடிவு. உங்களுக்காக மூன்று செய்து வைத்திருந்தேன்.

(அ) நிர்வாகி குறிப்பை வாசிக்கிறார். கண்கள் பனிக்கின்றன. மேசை அக்காவின் நாற்காலியைத் தானே துடைத்து—

[இல்லத்து நாற்காலியை யாரும் யாருக்கும் துடைப்பதில்லை. வெட்டு.]

(ஆ) கொசு விசாரணை அறையில் எழுந்து நின்று முழங்குகிறாள். அப்புறம் சார் தலை குனிகிறார். எல்லோரும்—

[கொசு முழங்கமாட்டாள். மூக்கடைப்பு. வெட்டு.]

(இ) கொசு ராஜினாமா கடிதத்தை வீசிவிட்டு வெயிலில் நடக்கிறாள்.

[வீட்டுக் கடன். வெட்டு.]

நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அழகாக இருக்காது. மேசையில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த பெண் அந்தக் குறிப்பைப் பார்த்திருக்கிறாள். எதிரில் ஒரு குடும்பம் நிற்கும்போதே சத்தமாக வாசித்துவிட்டாள். வாசித்ததோடு நிற்காமல் ஃபோனில் படமும் எடுத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அப்புறம் சார் குறிப்பை எடுக்கவைத்துவிட்டார். இந்த ஒரு காரியத்தை மட்டும் அவர் அப்புறத்துக்குத் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்று ஃபோனில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. வலித்தவர்போலக் கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரி சேமிக்க வச்சுட்டேன் சார்" என்றாள் கொசு. பிறகு, "அந்தக் கடிதத்த நிறுத்துங்க. இல்லேன்னா என்னை விசாரணைக்குக் கூப்பிடச் சொல்லுங்க, வரேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இதில் ஒரு சொல்லும் நான் எழுதிக் கொடுத்ததில்லை.

கடிதம் போய்விட்டது. படமும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்று மேசை அக்கா எழுதவில்லை என்கிறது, இன்னொன்று எழுதினார் என்கிறது. நிர்வாகி இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேசை அக்கா இன்னும் வீட்டில்தான். கொசுவை இன்னும் யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

10

இவ்வளவையும் எழுதிக்கொண்டு மறுபடி மேசை அக்காவிடம் போனேன். மூன்று முடிவுகளையும் வாசித்துக் காட்டினேன். "உங்களுக்கு எது வேணும்? நீங்க சொல்றத வச்சுடறேன்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கதை எப்படி வேணா முடிஞ்சுட்டுப் போகட்டும்மா. அந்தப் பொண்ணு போட்ட குறிப்புல கடைசி வரி என்ன? எல்லாரையும் மறுபடி கேளுங்கன்னு இருக்குல்ல? கேட்டாங்களா? படத்த வச்சுக்கிட்டு நான் எழுதினேனா இல்லையான்னு மேசை போட்டுப் பேசறாங்க. அந்தக் கடைக்குப் போன பொண்டாட்டி விஷயத்த யாராவது வார்டுல சொன்னாங்களா? பேட்டரிக்காரரோட அக்கா கட்டிலைத் திருப்பிப் போட்டாங்களா? நான் போய்ச் சொல்லலாம்னா வாட்ச்மேன் கேட்டுக்குள்ள விட மாட்டேங்கறான். ஃபோன் பண்ணலாம்னா நம்பரெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள."

"அவங்க கேப்பாங்க" என்றேன்.

"எப்ப?"

கதை சொல்கிறவள் தனக்குப் பதில் தெரியாத இடத்தில் என்ன செய்வாள் தெரியுமா? கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டு, 'முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்' என்பாள். நாகரிகமாக இருக்கும். நானே செய்திருக்கிறேன். இந்தக் கதையில் செய்யமாட்டேன். நீங்கள் அங்கே என்ன எழுதினாலும் அது என்னிடம் வந்து சேரப்போவதில்லை. வாங்கி வைக்க இடமில்லாமல் எழுதச் சொல்லிக் கட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையை எனக்கும் கற்றுத்தராதீர்கள்.

ஆகவே முடிவு இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் யாரையாவது எங்காவது சேர்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அப்பாவை, அத்தையை, பேச்சு வராத பிள்ளையை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, தயங்கித் தயங்கி ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் இருந்தவர் தட்டினார், தலையாட்டினார். நீங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

போய்க் கேளுங்கள். மேசையில் கேட்காதீர்கள், கட்டிலருகே நிற்கிற ஆளிடம் கேளுங்கள். "எங்க அம்மாவப் பத்தி உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று. அவர் விழித்தால், அங்கேயே, அவர் முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லுங்கள்.

அட, இன்னும் வாசித்துக்கொண்டா இருக்கிறீர்கள்? எழுந்திருங்கள்.